மாம்பழம் போட்ட சட்டிச்சோறு!

'பழத்தைப் போட்டுக் குழம்பா? உவ்வே...'ன்னு இப்பவே முகத்தைச் சுளிக்கிற மக்களே, ஒரே ஒரு கேள்வி. நேத்து ராத்திரி சாப்பிட்ட ரசத்துல புளி இருந்துச்சா? இருந்துச்சுன்னா நீங்களும் நம்ம கோஷ்டிதான். புளி என்பது மளிகைக்கடை டப்பாவுக்குள்ளேயே கறுப்பு உருண்டையா விளையுற சமாச்சாரம் இல்லை பாஸ். மரத்தில் காய்த்து, ஓடு காய்ந்து, மாசி பங்குனியில் கிளையை உலுக்கிப் பொறுக்குகிற அசல் பழம். அரபிக்காரர்கள் இதுக்கு வெச்ச பேரு 'தமர் ஹிந்தி'. அதாவது, இந்தியப் பேரீச்சம்பழம். அதுதான் இங்கிலீஷுக்குப் போய் 'டாமரிண்ட்' ஆச்சு. இத்தனைக்கும் அந்த மரத்தோட பூர்வீகம் ஆப்பிரிக்கா. ஆப்பிரிக்க மரம், அரபிப் பேரு, கோவில்பட்டி ரசம்!

புளியில் இனிப்பே கிடையாதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அந்தச் சதைப்பற்றில் சர்க்கரை நிறையவே இருக்கு. கூடவே டார்டாரிக் அமிலம் உட்கார்ந்து சத்தமாப் பேசுறதால, சர்க்கரை பேசுறது நம்ம நாக்குக்குக் கேக்கலை. அதனாலதான் புளிக்குழம்பை இறக்குறப்போ சுண்டைக்காய் அளவு வெல்லமோ கருப்பட்டியோ போட்டதும் 'அட!'ன்னு ருசி மாறுது. நெல்லைப் பக்கத்துப் புளிமிளகாய் சாப்பிட்டவங்களுக்குத் தெரியும். பச்சை மிளகாய், புளி, வெல்லம், உப்பு... நாலும் சண்டை போடாம ஒரே கிண்ணத்துல குடித்தனம் நடத்தும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வெளிநாட்டுச் சமையல் வீடியோக்களில் 'பான் சாஸ்'னு ஒண்ணு ரொம்பப் பிரபலம். வாணலியில் கறியை வறுத்து எடுத்துடுறாங்க. அடியில் பழுப்பா ஒட்டியிருக்குமே, அதைக் கழுவிக் கொட்டாம, அதிலேயே கொஞ்சம் ஒயினோ சூப்போ ஊத்திச் சுரண்டுறாங்க. அதுல ஆப்பிளோ பீச்சோ நறுக்கிப் போட்டுச் சுண்ட வெச்சு, கறி மேல ஊத்தினா டின்னர் ரெடி. மொத்தமே அரை மணி நேரம். வாத்துக்கு ஆரஞ்சு, பன்றிக்கு ஆப்பிள்னு ஜோடிப் பொருத்தம் எல்லாம் வெச்சிருக்காங்க.

எங்க ஆச்சிக்கு ஒருநாள் இதை செல்போனில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முழுசா பார்த்தாங்க. "என்னத்தையோ புதுசுன்னே... இது சட்டிச்சோறுல்லா?"ன்னு கேட்டுட்டு வெத்தலை மடிக்கப் போயிட்டாங்க.

சட்டிச்சோறு தெரியாதவங்க இருந்தா உங்க வீட்டுப் பெரியவங்களைக் கேளுங்க. மீனோ, கறியோ, கருவாடோ வறுத்து எடுத்த சட்டியில் எண்ணெயும் மசாலாவும் கருகலுமாக ஒரு படலம் இருக்கும். சூடு ஆறுறதுக்குள்ள ரெண்டு கை சோத்தைப் போட்டு, சட்டியைச் சுத்தித் தேய்ச்சுப் பிரட்டி, அப்படியே உருட்டித் தின்கிறது. குழம்பு, கூட்டு, பொரியல் எதுவும் இதுக்குப் பக்கத்துல நிக்க முடியாது. எங்க வீட்டில் எனக்கும் தங்கச்சிக்கும் நடந்த சண்டைகளில் பாதி இந்தச் சட்டிக்காகத்தான், மீதி ரிமோட்டுக்காக. ஆக, வெளிநாட்டுக்காரர் ஒயின் ஊத்திச் சுரண்டுறதை நாம சோத்தைப் போட்டுச் சுரண்டுறோம். டெக்னாலஜி ஒண்ணுதான்!

நான் மூணாவது வருஷம் மெக்கானிக்கல். ரெண்டு மாசமா இந்தப் பக்கங்களுக்குப் பயிற்சி நிருபர். ராத்திரி எங்க வீட்டுச் சமையல்காரன். மூணாவது வேலைதான் கொஞ்சம் சீரியஸ். அது எப்படி வந்துச்சுன்னா...

அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. வெளியூர்க்காரங்களுக்கு ஒரு குறிப்பு: எங்க ஊர்ல ஃபேக்டரியை ஆபீஸ்னுதான் சொல்லுவோம். ஏ.சி.யும் கம்ப்யூட்டரும் இருக்கும்னு கற்பனை பண்ணிக்காதீங்க. பெட்டிக்குள்ள குச்சி அடைக்கிற வேலை. எத்தனை பெட்டி அடைச்சோமோ அதுக்குத்தான் கூலி. அப்பா லாரி ஓட்டுறார். பத்து நாளைக்கு ஒருதடவை வீட்டுக்கு வந்தா அதிசயம். ஆச்சிக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. தங்கச்சி பிளஸ் டூ, அவளுக்கு டியூஷன் முடியவே ஏழு மணி. காலேஜ் பஸ் என்னை அஞ்சே காலுக்கு இறக்கி விட்டுடும். அஞ்சே காலுக்கும் ஏழு மணிக்கும் நடுவுல வீட்டில் சும்மா இருக்கிற ஒரே ஜீவன் நான்தான். கணக்கு சிம்பிள்.

ஆனா சமைக்கிறது பிரச்னையா இல்லை. அம்மாவைச் சாப்பிட வைக்கிறதுதான் பெரும்பாடா இருந்துச்சு. ஏழு மணிக்கு வருவாங்க. குளிப்பாங்க. தட்டை வெச்சா, "பசிக்கலைய்யா... நீங்க சாப்பிடுங்க"ன்னு ஒரு தம்ளர் நீர்மோரோட முடிச்சுக்குவாங்க. போன வருஷம் கார்த்திகை, மார்கழியில் இது தினசரி வழக்கமாவே ஆயிடுச்சு. "குச்சி மருந்து வாசம் மூக்குலயே நிக்கு. சோத்தைப் பார்த்தாலும் அந்த வாசம்தான் வருது"ன்னாங்க. ரவிக்கை எல்லாம் தொளதொளன்னு ஆகிப்போச்சு. டாக்டர்கிட்ட போனோம். சத்து மாத்திரை எழுதினார். மாத்திரையைவிட, "ராத்திரி பட்டினி கிடக்காதீங்கம்மா"ன்னதைத்தான் ரெண்டு தடவை சொன்னார். சரிதான். ஆனா இறங்கணுமே! நான் சாம்பார் வெச்சேன், நகரலை. முட்டைக் குழம்பு வெச்சேன், ரெண்டு வாய். தக்காளிச் சாதம், ஒரு வாய்.

வழி காட்டினது ஒரு எலந்தவடை.

எலந்தவடை பேரைக் கேட்டதும் உங்க வாயில் ஊறுதா? ஊறணும். இலந்தைப் பழத்தை உப்பு, புளி, வெல்லம், வத்தல், பெருங்காயம் எல்லாம் சேர்த்து உரலில் போட்டு இடிச்சு, வடையாத் தட்டி வெயில்ல காய வைக்கிறது. பள்ளிக்கூட வாசலில் விற்பாங்களே, அதேதான். அதுல இனிப்பு எங்க முடியுது, காரம் எங்க ஆரம்பிக்குதுன்னு எந்த இன்ஜினீயராலும் கோடு போட முடியாது. தை மாசம் ஒருநாள் தங்கச்சி நாலு வாங்கிட்டு வந்தா. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, பேச்சுவாக்குல ஒண்ணை எடுத்து வாயில் போட்டாங்க. அப்புறம் இன்னொண்ணு. கொட்டையைத் துப்பிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏய்யா, சோறு கொஞ்சம் கிடக்கா?"ன்னாங்க.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டுச்சு. சோறு இருந்துச்சு, குழம்பு தீர்ந்துபோச்சு. மிச்சம் ரெண்டு எலந்தவடை. வெந்நீரில் ஊறப் போட்டேன். கரைச்சு, கொட்டையும் தோலும் போக வடிகட்டினேன். மதியம் ஆச்சி சேனைக்கிழங்கு வறுத்த இரும்புச் சட்டி கழுவாம அடுப்பு மேலயே இருந்துச்சு. அதுலயே கரைசலை ஊத்திச் சுரண்டி, ஒரு கொதி விட்டு, சோத்துல போட்டுப் பிசைஞ்சு கொடுத்தேன். ஒரு தட்டு முழுசா காலி. அன்னிக்கு ராத்திரிதான் அந்த வெளிநாட்டு வீடியோவை நான் மறுபடி ஒழுங்கா பார்த்தேன்.

இலந்தை எங்க மண்ணோட பழம். கரிசல் காட்டைப் பார்த்திருக்கீங்களா? கோவில்பட்டியைத் தாண்டி எந்தப் பக்கம் பஸ்ஸில் போனாலும் ஜன்னலுக்கு வெளியே அதுதான். மழை பெய்தா காலை உருவ முடியாத களி. கோடையில் கை நுழையுற அளவுக்கு வெடிப்பு. ஐப்பசி, கார்த்திகை மழையை மண் குடிச்சு வெச்சுக்கும். அந்த ஈரத்துலயே பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசி, மல்லி, மிளகாய், இப்போ மக்காச்சோளம் எல்லாம் மானாவாரியா விளைஞ்சுடும். இந்த ஊரில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-லிருந்தே இருக்கு. இந்தக் காய்ச்சல் பூமியில என்ன விளைய வைக்கலாம்ங்கிறதுக்கு ஒரு நூற்றாண்டைத் தாண்டின மண்டையுடைப்பு!

வாழைத்தோப்பு, மாந்தோப்புன்னு நினைச்சு இறங்கினா ஏமாந்துடுவீங்க. வேலியோரம் இலந்தை, ரோட்டோரம் புளி, ஓடையோரம் நாவல், அங்கங்க கொடுக்காப்புளி. எல்லாம் சின்னப் பழம். பாதி புளிப்பு, பாதி துவர்ப்பு. சாப்பாட்டுக்கு அப்புறம் தட்டுல நறுக்கி வெச்சு ஃபோர்க்கில் குத்திச் சாப்பிடுற ஜாதி இல்லை. உப்பு போட்டு, காய வெச்சு, இடிச்சு, கரைச்சு... எப்படியாவது சோத்துக்கும் கூழுக்கும் துணையாக்குறதுதான் எங்க ஊர் வழி. ஆச்சி சின்னப் பிள்ளையா இருந்தப்போ நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தானாம். மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரைவாலி. அதை உள்ள தள்ள நாக்கைச் சுண்டுற மாதிரி ஏதாவது ஒண்ணு வேணும். ஆப்பிள் கிடைக்கிற ஊர்க்காரன் ஆப்பிளைப் போட்டான், எங்களுக்குப் புளியும் இலந்தையும் கிடைச்சது. இலங்கைத் தமிழர் வீட்டில் அன்னாசிக் கறி, மலையாளத்துல மாம்பழப் புளிசேரி, ஈரான்ல மாதுளைச் சாறு விட்டு வேக வைக்கிற கோழி... அவங்கவங்க வேலியில் என்ன தொங்குதோ அது அவங்கவங்க சட்டியில்!

சித்திரை பிறந்ததும் எனக்கு யோகம் அடிச்சது. ராஜபாளையம் பக்கத்துல இருந்து சப்பட்டை மாம்பழம் எங்க மார்க்கெட்டுக்கு வந்து இறங்கும். நல்ல பழம் விலை ஜாஸ்தி. சாயந்திரம் போனா லேசா அடிபட்டது, ஒரு பக்கம் கனிஞ்சது எல்லாம் கூறு போட்டு வெச்சிருப்பாங்க. சாஸுக்கு அதுதான் உத்தமம். அழகுப் போட்டியில் ஜெயிக்கிற பழத்தை இதுல போடாதீங்க, பாவம்.

இப்போ செய்முறை. நாலு பேருக்குக் கணக்கு.

அரைக் கிலோ கோழி, எலும்போட. தொடைப் பக்கமா கேட்டு வாங்குங்க. நெஞ்சுக்கறி சீக்கிரம் காய்ஞ்சுடும். உப்பு, மஞ்சள், ஒன்றரை ஸ்பூன் மிளகாய்த்தூள், கொஞ்சம் மிளகுத்தூள் போட்டுப் பிசறி கால் மணி நேரம் வைங்க. அந்த நேரத்துல நெல்லிக்காய் அளவு புளியை அரைத் தம்ளர் தண்ணியில் ஊறப் போடுங்க. சின்ன வெங்காயம் பத்து உரிங்க. (கண்ணு எரிஞ்சா அழுதுக்கிட்டே உரிங்க, அதுக்கு ஷார்ட்கட் கிடையாது.) பூண்டு அஞ்சாறு பல். மாம்பழம் ஒண்ணு, தோல் சீவி சதையை மட்டும் கையாலயே பிசைஞ்சு வைங்க.

அடுப்பு. எங்க வீட்டில் கேஸ் லைட்டர் கிடையாது, இனி வாங்கப் போறதும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ் குடும்பத்துல லைட்டர் வாங்கினா அது துரோகம்! 14 வருஷமா ஒரு ரூபாயாவே இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. அந்த ஒரு ரூபாயை ஊரே பேசுச்சு. சரி, குச்சியைக் கிழிங்க.

இரும்புச் சட்டி நல்லாக் காயணும். ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். கோழித்துண்டுகளில் ஈரம் இல்லாமப் பார்த்து ஒவ்வொண்ணா வைங்க. நெருக்கியடிச்சுப் போடாதீங்க. இங்கதான் நம்ம சிலபஸ் வேலைக்கு ஆகுது: தண்ணி இருக்கிற வரைக்கும் அந்த இடத்தோட சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி பழுப்பாகிற ரசாயன வேலை சுமார் 140 டிகிரிக்கு மேலதான் சூடு பிடிக்கும். பிரெஞ்சுக்காரர் மயார் 1912-ல் இதைப் பத்தி எழுதினதால அவர் பேரையே வெச்சுட்டாங்க. புரதத்தில் இருக்கிற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து ஆடுற ஆட்டம். ஈரமான கறியை மொத்தமாக் கொட்டினா அது வறுபடாது, அவிஞ்சுடும். ஹாஸ்டல் மெஸ் சிக்கன் ஏன் வெள்ளையா இருக்குங்கிற ரகசியம் இப்போ உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு!

ஒரு பக்கம் நாலஞ்சு நிமிஷம் தொடாதீங்க. தானா விட்டுக்கொடுக்கும், அப்போ திருப்புங்க. அடுத்த பக்கமும் சிவந்ததும், தீயைக் குறைச்சு மூடி போட்டுப் பத்து நிமிஷம். எலும்புப் பக்கம் கீறிப் பார்த்து ரத்தம் இல்லைன்னா தனித்தட்டுக்கு மாத்திடுங்க. இப்போ சட்டியைக் குனிஞ்சு பாருங்க. அடியில் பழுப்பும் கறுப்புமாக ஒட்டியிருக்கு பாருங்க, அதுதான் இன்னிக்கு டின்னர்.

அதே எண்ணெயில் கடுகு, ரெண்டு வத்தல், கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. வெங்காயம் சுருங்கினதும் புளித்தண்ணியை ஊத்துங்க. 'சொர்ர்ர்'னு ஒரு சத்தம் வரும். அந்த நொடியில் மரக்கரண்டியால அடியைச் சுரண்டுங்க. ஒட்டினதெல்லாம் கரைஞ்சு, தண்ணி காப்பி கலருக்கு வரும். பச்சை வாசம் போனதும்தான் மாம்பழம். முதல்லயே போட்டீங்கன்னா பழத்துச் சர்க்கரை அடிப்பிடிச்சுக் கசந்துடும். தண்ணி முதல்ல, இனிப்பு அப்புறம். இந்த வரிசையை மட்டும் மாத்தாதீங்க.

அஞ்சு நிமிஷம் கொதிக்கட்டும். கரண்டியைத் தூக்கினா சாறு அதோட முதுகுல ஒட்டி நிக்கணும். இப்போ ருசி பாருங்க. பழம் புளிப்பா இருந்தா சுண்டைக்காய் அளவு கருப்பட்டி. (உடன்குடிக் கருப்பட்டி கிடைச்சா அதிர்ஷ்டம். எந்தக் கருப்பட்டியா இருந்தாலும் கரைச்சு வடிகட்டுங்க, மண் இருக்கும்.) பழம் ரொம்ப இனிப்புன்னா இன்னும் கொஞ்சம் புளி. எதுவுமே தூக்கலாத் தெரியலை, ஆனா என்னமோ குறையுதுன்னு தோணுச்சுன்னா அது உப்பு. இனிப்புக்குப் பயந்து உப்பைக் குறைச்சுடாதீங்க. உப்பு சரியா இருந்தாத்தான் இனிப்பே எடுத்துக் காட்டும். கோழியைத் திரும்பப் போட்டு மூணு நிமிஷம் புரட்டி இறக்குங்க. இரும்புச் சட்டியில் புளியை ராத்திரி முழுக்க விட்டுடாதீங்க. புளிப்பு இரும்பைக் கரைச்சுக் கறுத்துப்போகும், நாணயத்தை நக்கின மாதிரி ருசி வந்துடும். உடனே வேற பாத்திரத்துக்கு மாத்துங்க.

செவ்வாய், வெள்ளி எங்க வீட்டில் கவுச்சி கிடையாது. அன்னிக்குச் சேனைக்கிழங்கை விரல் கனத்துக்கு வெட்டி, அரைவேக்காடா அவிச்சு, அதே மாதிரி வறுத்து, அதே சாஸ். சொல்லப்போனா சேனைக்குத்தான் இது பொருத்தம் ஜாஸ்தி. மாம்பழம் இல்லாத காலத்துல தக்காளி போடலாம். தக்காளி பழமா, காயான்னு 1893-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டே விசாரிச்சு, வரிக் கணக்குக்கு அது காய்தான்னு தீர்ப்புச் சொல்லியிருக்கு. நம்ம ஊர்ல 'தக்காளிப் பழம்'னு கூவி விக்கிற அண்ணாச்சிக்கு அந்தத் தீர்ப்பு செல்லாது!

சோறா, வேற எதுவுமா? எங்க வீட்டில் வாரத்துல ஒருநாள் குதிரைவாலி. ஒரு தம்ளருக்கு ரெண்டரைத் தம்ளர் தண்ணி, கால் மணி நேரத்துல வெந்துடும். உதிரி உதிரியா இருக்கிறதால சாறு ஒவ்வொரு பருக்கையிலயும் ஏறும். ஆச்சிதான் இதைக் கண்டுபிடிச்சாங்க. "சின்னதுல இதைத் தின்னுதின்னு நாக்கு செத்துப்போச்சு. இப்ப நீங்க காசு கொடுத்து வாங்கித் திங்கியல"ன்னு கிண்டல் வேற.

இதுல இன்னொரு லாபம், பாத்திரம். எங்க தெருவுல குழாய்த் தண்ணி தினம் வராது. தாமிரபரணியில் இருந்து அவ்வளவு தூரம் பைப்பில் வர்ற தண்ணி, குடத்தை எண்ணித்தான் செலவு. சட்டியில் ஒட்டினதைத் தண்ணி ஊத்தி ஊற வெச்சுத் தேய்க்கிறதுக்குப் பதிலா, புளித்தண்ணி ஊத்திச் சாப்பிட்டுடுறோம். மிச்சத்தைச் சட்டிச்சோறு துடைச்சுடும். அப்புறம் அரைச் செம்பு தண்ணி போதும். வெளிநாட்டு வீடியோவில் யாரும் இந்தப் பாயிண்ட்டைச் சொல்லலை.

ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நம்ம கிளாஸ் பசங்க கோஷ்டி ஒண்ணு இருக்கு. இண்டக்ஷன் அடுப்பு, ஒரே ஒரு கடாய். அவனுங்ககிட்ட இந்த ஃபார்முலாவைச் சொன்னேன். மாம்பழத்துக்குக் காசு இல்லைன்னு, சாஸுல கடலை மிட்டாயை நுணுக்கிப் போட்டுட்டானுங்க! கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கொடுத்தாங்க. அதைக் கோழிக் குழம்புல கரைக்கலாம்னு அந்தச் சான்றிதழ்ல எங்கயும் இல்லை. ஆனா சும்மா சொல்லக்கூடாது, சூப்பரா இருந்துச்சு. இந்தோனேசியாவில் வேர்க்கடலையை அரைச்சு, இனிப்பும் காரமுமா சாத்தே கறிக்கு ஊத்துறாங்களே, கிட்டத்தட்ட அதேதான். புளித்தண்ணி, வத்தல், நுணுக்கின கடலை மிட்டாய் ரெண்டு. கருப்பட்டி தேவையில்லை, பாகு அதுலயே இருக்கு. பரீட்சை நேரத்து டின்னருக்கு இதை நான் தாராளமா சிபாரிசு பண்றேன்.

முதல்ல ஆச்சிக்கு நான் அடுப்படியில் நிக்கிறது பிடிக்கலை. "ஆம்பளப் பிள்ள கரண்டியும் கையுமா நிக்கான், நாலு பேரு பார்த்தா என்ன சொல்லுவா?"ன்னாங்க. நாலு பேரும் பார்த்தாங்க. என்ன சொன்னாங்க தெரியுமா? "ஒம் மவன் சமைக்கானாமே! குடுத்து வச்சவ நீ"ன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. அத்தை ஊர்ல இருந்து போன் போட்டுப் பாராட்டினாங்க. பக்கத்து வீட்டு அக்கா தன் பையனைக் கூட்டிட்டு வந்து, "பாருடா அண்ணனை"ன்னு காட்டினாங்க. ஏதோ நான் கவர்னர் மெடல் வாங்கின மாதிரி!

எனக்குக் கூச்சமா இருந்துச்சு. கால்குலேட்டரை எடுத்தேன். அம்மாவுக்குக் கல்யாணமாகி 22 வருஷம். நாளைக்கு ரெண்டு வேளைன்னு வெச்சாலும் 16,060 தடவை சமைச்சிருக்காங்க. காய்ச்சல், விசேஷம், ஊருக்குப் போன நாள்னு கழிச்சா, சரி, 15,000. யாராவது ஒரு ஆள் அப்பாகிட்ட வந்து, 'குடுத்து வச்சவருய்யா நீரு'ன்னு சொல்லியிருக்காங்களான்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா ரொம்ப நேரம் சிரிச்சாங்க. நான் சமைச்சது இந்த அஞ்சு மாசத்துல தொண்ணூறு, நூறு ராத்திரி இருக்கும். மெடலைத் திருப்பிக் கொடுத்துடுறேன்.

அம்மா இப்போ சாப்பிடுறாங்க. தினமும்னு சொல்ல மாட்டேன். ஆபீஸில் லோடு அவசரம்னா சோர்ந்து வர்ற அன்னிக்கு இன்னமும் நீர்மோர்தான். ஆனா வாசலில் செருப்பைக் கழட்டுறப்பவே மூக்கை உறிஞ்சி, "மாம்பழமா, எலந்தையா?"ன்னு கேக்குற ராத்திரிகள் வாரத்துல நாலு வந்துடுது. சாப்பிட்டுக்கிட்டே குறை சொல்றாங்க. "புளி ஒரு கொதி பத்தலை." "கருப்பட்டியைக் கொறச்சுட்டே, ஆச்சி சொன்னாளாக்கும்?" "வெங்காயத்தை இவ்ளோ பெருசாவா வெட்டுவாவ?" ஒவ்வொரு குறைக்கும் ஒரு கவளம் உள்ள போகுது. இன்னும் நிறைய குறை சொல்லுங்கம்மான்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியா சட்டி விவகாரம். சண்டை முத்திப்போய் ஆச்சி தலைமையில் பஞ்சாயத்து நடந்துச்சு. சட்டிச்சோறு உரிமை திங்கக்கிழமை தங்கச்சிக்கு, புதன்கிழமை எனக்கு, வியாழன் ஆச்சிக்கு, சேனைக்கிழங்கு நாட்களில் டாஸ் போட்டுப் பார்க்கிறதுன்னு தீர்ப்பு. காலண்டர் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால எழுதி அடுப்படியில் தொங்க விட்டாச்சு. போன வாரம் அம்மா அந்த அட்டை முன்னாடி நின்னு மேலயும் கீழயும் படிச்சாங்க.

"எலே... இதுல எனக்கு என்னைக்குலே?"

இந்த வீட்டில் அம்மா சட்டிச்சோறு கேட்டது அதுதான் முதல் தடவை. தங்கச்சி ஒண்ணும் பேசாம ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, திங்கக்கிழமைக்கு நேரா இருந்த தன் பேரை அடிச்சுட்டு 'அம்மா'ன்னு எழுதினா. அப்புறம் ரெண்டு நிமிஷம் யோசிச்சு, புதன்கிழமைக்கு நேரா இருந்த என் பேரையும் அடிச்சுட்டுத் தன் பேரை எழுதிக்கிட்டா!